பக்கவாட்டில் ஓர் ஆம்

நேர்காணலில் கௌஹர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு
வீடு முழுக்க நடந்து காட்டினாள்:
என் கட்டில், என் அலமாரி,
மலை தெரியும் என் ஜன்னல்
(அன்று புகைமூட்டம், மலை தெரியவில்லை),
குளியலறையில் வெதுவெதுப்பான தரை.
பையனைக் காட்டவில்லை.
தூங்குகிறான் என்றாள்.
பின்னால் எங்கோ ஒரு கரண்டி
பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது,
தாளம் பிசகாமல்.

பிளவ்திவிலிருந்து அல்மாத்திக்கு
இரண்டு விமானம், ஒரு பெட்டி.
பெட்டியில் பாதி குமிழ் ஊதும் குழாய்களும் பட அட்டைகளும்.
சுங்கத்தில் ஒருவன் ஓர் அட்டையை உருவிப் பார்த்தான்,
அழும் முகம்.
இருந்த இடத்திலேயே செருகிவிட்டுப் போகச் சொன்னான்.

ஒப்பந்தப்படி வேலை ஒன்பது முதல் ஐந்து.
சுவருக்கு ஒப்பந்தம் தெரியாது.
இரவு இரண்டு மணிக்கு எரசில் அழுதால்
முதலில் விழிப்பது நான்.
எழுந்து போனால் நாளை முதல் அதுவும் என் வேலை.
போகாமல் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதும்
வேலைதான்,
சம்பளச் சீட்டில் வராதது.

ஞாயிறு விடுமுறை.
அதை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.
அறைக்குள் இருந்தால்
கதவுக்கு அடியில் அவன் விரல்கள் நீள்கின்றன.
சாலையோர வாய்க்காலில் பனி உருகி ஓடுவதைப் பார்த்தபடி நடந்து,
பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போய்,
அதே பேருந்தில் திரும்பினேன்.

சமையலறையில் டோல்கின்
கிண்ணத்தில் கால்வாசி மட்டும் பால்தேநீர் ஊற்றினாள்.
கஞ்சத்தனம் என்று முதல் வாரமே வீட்டுக்கு எழுதினேன்.
நிறைய ஊற்றினால் போய் வா என்று அர்த்தமாம்.
குறைய ஊற்றினால்
இன்னும் நாலு தடவை கை நீட்டு, இரு.
எழுதியதைத் திருத்தி எழுத வெட்கம். விட்டுவிட்டேன்.

மூன்றாம் பக்கம், ஏழாவது வரி:
'ஆறு மாதத்துக்குள் குழந்தை
ஆம், இல்லை இரண்டையும்
தலையசைத்துச் சொல்ல வேண்டும்.'

எங்கள் ஊரில் ஆம் என்றால் தலை பக்கவாட்டில் ஆடும்,
இல்லை என்றால் மேலும் கீழும்.
உலகத்துக்கு நேர்மாறு.
இதைச் சொன்னால் வேலை தருவார்களா?
மூன்று வாரம் பல் துலக்கும்போதெல்லாம்
கண்ணாடி முன் கழுத்தைப் பழக்கினேன்.
பாடவேளையில் ஒரு தடவையும் தவறவில்லை.
ஆப்பிள் வேண்டுமா? மேலும் கீழும்.
காலுறை வேண்டுமா? பக்கவாட்டில்.
அவன் என் காதோரம் எதையோ பார்த்துக்கொண்டு
கரண்டியைத் தட்டினான்.
ஐந்து மாதம்.

மார்ச்சில் ஒரு மாலை பௌர்ஜான்
கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் மண்டியிட்டு
கைகளை விரித்துக் கேட்டார்:
அப்பாகிட்ட வர்றியா?
எரசில் அவரை நேராகப் பார்த்தான்.
தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான்,
மெதுவாக, தெளிவாக, இரண்டு தடவை.

சொல்லிட்டான், என்று கௌஹர் வாயைப் பொத்திக்கொண்டாள்.
இல்லையும் ஒரு சொல்தானே என்று
பௌர்ஜான் சிரிக்கப் பார்த்தார்.
எழுந்தார். விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு மட்டும் தெரிந்தது.
ஐந்து மணிக்கு மேல்
அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது,
டோல்கின் இன்னொரு கிண்ணம் நீட்டும்போது,
களைத்த என் தலை ஊர் திரும்பிவிடும்.
கதவிடுக்கில் நின்று
அவன் படித்தது அதைத்தான்.
சம்பளமில்லாத என்னை.

சொன்னால் என் குட்டு உடையும்.
சொல்லாவிட்டால் ஒரு மனிதர் இன்றிரவு
அந்த இல்லையோடு படுப்பார்.

என் ரஷ்ய மொழி அவசரத்தில் காலை வாரும்.
"வர்றேங்கிறான்," என்றேன்.
"எங்க ஊர்ல அப்படித்தான்."
யாருக்கும் புரியவில்லை.
நானும் தலையை ஆட்டிக் காட்டினேன்,
எந்தப் பக்கம் என்று இப்போது நினைவில்லை.

எரசில் காத்திருக்கவில்லை.
நடந்து போய்
அப்பாவின் கோட்டுப் பைக்குள் கரண்டியைப் போட்டான்.
அவர் கை இன்னும் உள்ளேதான் இருந்தது.